கையிருப்பை அறிந்து ஊரைத் திட்டமிடுதல்: கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில், குறிப்பாக நகரத்தை ஒட்டி வேகமாக வளர்ந்து வரும் ஊராட்சிகளில், மக்களே முன்னின்று அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க விரும்பினால் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. வார்டு உறுப்பினர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், குடியிருப்போர் சங்கத்தினர், கிராம சபைக்குத் தவறாமல் வரும் இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஏறத்தாழ அனைவரும் தேவைப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். தெருவுக்கு ஒரு கோரிக்கை சேர்ந்து பட்டியல் நீண்ட பிறகுதான் பணம் எங்கே என்ற கேள்வி எழுகிறது. அந்த நேரத்தில் பட்டியலைச் சுருக்கும் அதிகாரம் மக்களிடமிருந்து நழுவி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கோ ஒப்பந்ததாரருக்கோ போய்விடுகிறது. எனவே வரவு, நிரந்தரச் செலவு, நிலம் ஆகிய மூன்றையும் அறிந்த பிறகே தேவைகளைக் கேட்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

திட்டமிடலுக்கான மக்கள் இயக்கம் பொதுவாக அக்டோபர் 2 முதல் டிசம்பர் 31 வரை நடைபெறுகிறது. ஆனால் அக்டோபரில் தொடங்கினால் ஆவணங்களைத் திரட்டவே நேரம் போய்விடும். ஆகஸ்டு 15 கிராம சபையில் திட்டக் குழுவை அமைத்து, அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவு நிலையையும் நில விவரத்தையும் வைத்து, நவம்பர் 1 கிராம சபையில் வரைவுத் திட்டத்தை வைப்பது வசதியான கால வரிசை.

குழுவில் ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் இருவராவது இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருத்தல் நல்லது. ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தனியாகத் தயாரிக்கும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் ஊராட்சித் திட்டத்துடன் இணைய வேண்டியது. கடைசி வாரத்தில் இரண்டையும் ஒட்டவைக்க முயன்றால் மகளிரின் கோரிக்கைகள்தான் விடுபடுகின்றன.

திரட்ட வேண்டிய ஆவணங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளின் படிவம் 30 (ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு) சுருக்கம், வரிக் கேட்பு (வர வேண்டிய வரி), வசூல், நிலுவை ஆகியவற்றின் பட்டியல், கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண விவரம், ஊராட்சியின் சொத்துப் பதிவேடு, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு (புல எண் வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் பதிவேடு) மற்றும் கிராம வரைபடம், அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் வரைபடங்கள். ஊராட்சிச் செயலரிடம் முதலில் நேரில் கேளுங்கள். கிடைக்காத ஆவணத்துக்கு மட்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனு கொடுங்கள். விடைக்கு 30 நாள் ஆகலாம் என்பதையும் கால வரிசையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் தனி அலுவலரின் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் இவை அனைத்தும் பொருந்தும். கிராம சபை ஊராட்சி மன்றத்தின் கிளை அல்ல. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதைத் தனியே அமைக்கிறது.

2. வரவை மூன்றாகப் பிரித்து எழுதுதல்

முதல் தாளில் ஊராட்சியின் சொந்த வருவாயை எழுதுங்கள். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள், கட்டட அனுமதிக் கட்டணம், சந்தை மற்றும் மீன்பாசிக் குத்தகை ஆகியவை இதில் வரும். இந்தப் பணத்தின் மீதுதான் ஊருக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது தாளில் அரசு வசூலித்துப் பகிர்ந்து தரும் வருவாயும் மாநில நிதிக்குழு மானியமும் வரும். முத்திரைத்தாள் கட்டணத்தின் மீதான கூடுதல் வரியில் ஊராட்சிக்குரிய பங்கும், கல் குவாரி உள்ள ஊர்களில் சிறு கனிமத்துக்கான உரிமத் தொகையும் இதில் அடங்கும். மனை விற்பனை சூடுபிடிக்கும் ஆண்டுகளில் முத்திரைத்தாள் பங்கு உயர்ந்து, அடுத்த ஆண்டே இறங்கிவிடலாம். எனவே இதற்கு மூன்றாண்டுச் சராசரியை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தாளில் மத்திய நிதிக்குழு மானியத்தை எழுதுங்கள். 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழுக் காலத்துக்கான விதிப்படி, இதில் 60 விழுக்காடு அலுவலகத்தில் ‘டைடு’ என்று சொல்லப்படும் நிபந்தனை மானியம். அதில் பாதி துப்புரவுக்கும் பாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுபயன்பாடு ஆகியவற்றுக்கும் உரியது. மீதி 40 விழுக்காடு ‘அன்டைடு’ எனினும் அதிலிருந்து சம்பளமோ நிர்வாகச் செலவோ செய்ய முடியாது. நீங்கள் திட்டமிடும் ஆண்டுக்குப் பொருந்தும் அரசாணையை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதன் நிபந்தனைகளைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

மூன்று தாள்களையும் கூட்டி ஒரே தொகையாகப் பேசுவதுதான் இந்தக் கட்டத்தில் நிகழும் பெரும் பிழை. மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு சமுதாயக் கூடத்தின் கூரையை மாற்ற அதில் கைவைக்கக்கூடிய பணம் மிகச் சிறியதாக இருக்கும்.

3. ஏற்கெனவே உள்ளவற்றைக் காப்பாற்ற ஆகும் செலவு

புதிய பணி எதையும் பேசும் முன், இப்போதிருக்கும் மோட்டார், தெருவிளக்கு, தொட்டி, குழாய், வண்டி ஆகியவற்றை ஓராண்டு இயக்க எவ்வளவு ஆகிறது என்று கணக்கிட வேண்டும். பெரும்பாலான ஊராட்சிகளில் மின்கட்டணமே இதில் முதலிடம் பெறுகிறது. மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் ஊராட்சி இரண்டாம் எண் வங்கிக் கணக்கைத் தனியே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கின் இருப்பு மாதந்தோறும் குறைந்துகொண்டே போனால், ஊர் தன் வருவாய்க்கு மேல் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கணக்கை யூனிட் அளவில் போடுங்கள். 10 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 7.5 யூனிட் எடுக்கும். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 60 யூனிட், மாதத்துக்கு 1,800 யூனிட். 40 வாட் குழல்விளக்குகள் 200 இருந்து, இரவு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 96 யூனிட்; அவற்றை 20 வாட் எல்இடி விளக்குகளாக மாற்றினால் 48 யூனிட். கட்டண அட்டையில் உள்ள யூனிட் விலையால் இவற்றைப் பெருக்கினால், விளக்கு மாற்றும் செலவு எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட சேமிப்புப் பணிகள் மக்கள் பட்டியலில் தாமாக இடம்பெறுவதில்லை. ஆகவே குழுதான் அவற்றை முன்மொழிய வேண்டும்.

தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் ஆகியோரின் ஊதியம், மோட்டார் காயில் கட்டும் செலவு, குளோரின் தூள், குழாய் உடைப்புச் சரிசெய்தல், குப்பை வண்டிப் பழுது ஆகியவற்றையும் சேர்த்த பிறகு கிடைக்கும் தொகையை, முதல் இரண்டு தாள்களின் கூட்டுத்தொகையிலிருந்து கழியுங்கள். மீதி நேர்மறையாக இருந்தால் மட்டுமே, பராமரிப்புச் செலவு கேட்கும் புதிய சொத்தைப் பற்றிப் பேசலாம். எதிர்மறையாக இருந்தால் இந்த ஆண்டுத் திட்டத்தின் முதல் இலக்கு வருவாயைச் சரிசெய்வதுதான். அதைக் கிராம சபையில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. வரியை உயர்த்தும் முன் கேட்பைச் சரிசெய்தல்

வருவாய் போதவில்லை என்றவுடன் வரி விகிதத்தை உயர்த்தும் பேச்சு எழுகிறது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. அதில் யாருடைய எதிர்ப்பும் இருக்காது.

முதலில், வரி விதிக்கப்படாத கட்டடங்களைக் கண்டுபிடியுங்கள். ஊராட்சி எல்லைக்குள் உள்ள மின் இணைப்புகளின் எண்ணிக்கையையும் வீட்டு வரி விதிப்புகளின் எண்ணிக்கையையும் தெருவாரியாக ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். விவசாய இணைப்புகளைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். நகர ஓர ஊராட்சிகளில், கட்டட அனுமதி பெறும்போது கட்டணம் வந்திருக்கும். வீடு கட்டிக் குடியேறிய பிறகு வரி விதிப்பு நடந்திருக்காது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் அனுமதி இணையவழியாகவே கிடைத்துவிடுவதால், அனுமதிப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வரிப் பதிவேட்டுடன் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொழில் வரி. அரையாண்டுக்கு ஒருமுறை வசூலாகும் இந்த வரிக்கு, அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு. எல்லைக்குள் இயங்கும் ஆலை, தனியார் பள்ளி, வங்கிக் கிளை, கிடங்கு, பெட்ரோல் பங்க் ஆகியவற்றுடன், அரசுப் பள்ளி ஆசிரியர்களும் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களும் இதில் வருவார்கள். அவர்களிடம் பிடித்தம் செய்யப்பட்ட தொகை நம் ஊராட்சிக்குத்தான் வந்ததா என்று பாருங்கள். அலுவலகத்தின் முகவரி பக்கத்துப் பேரூராட்சியின் பெயரில் எழுதப்பட்டிருப்பதால் பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும்.

நிலுவை வசூலுக்கு, வீட்டுக்காரரின் பெயரைப் பலகையில் எழுதி அவமானப்படுத்தும் முறையை நான் ஏற்கவில்லை. அது ஒரு முறை பணம் கொண்டு வரும். அடுத்த கிராம சபைக்கு அந்தக் குடும்பம் வராது. தெருவாரியாகக் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, அந்தப் பணத்தில் எந்த மோட்டார் பழுது நீக்கப்பட்டது என்று எழுதி வைத்தால் போதும். இணையவழியில் வரி செலுத்தும் தளம் இருந்தாலும், அறுவடை முடிந்த காலத்தில் குக்கிராமத்திலேயே ஒரு நாள் முகாம் நடத்துவது அதிகப் பயன் தரும்.

சொந்த வருவாய் எதற்கு உதவும் என்பதற்குக் கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி நல்ல சான்று. 2006இல் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் வாங்கியது. அதில் சுமார் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். சேமிப்பு கையில் இருந்ததால்தான் வங்கியின் முன் உட்கார முடிந்தது. மின்சாரம் விற்ற வருமானத்திலேயே கடனும் அடைந்தது.

5. நிலத்தை அறிதல்

எந்தப் பணி எந்த நிலத்தில் என்பது தெரியாமல் எழுதிய திட்டம் மதிப்பீட்டுக் கட்டத்தில் திரும்பி வந்துவிடும். கிராம வரைபடத்தின் பெரிய நகல் ஒன்றில், அ-பதிவேட்டைப் பார்த்து நத்தம் (குடியிருப்பு நிலம்), மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), ஓடை, குளம், பாதை, ஊராட்சிக்குரிய இடம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு வண்ணம் தீட்டுங்கள். பிறகு அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊரை நடந்து பாருங்கள். காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று நடப்பது நல்லது. தெருக்குழாயில் வரிசை நிற்பதும் விளக்கு எரியாத மூலையும் வெவ்வேறு நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்பும் எந்தக் கோரிக்கையையும், அது நூலகமாக இருந்தாலும் அங்கன்வாடியாக இருந்தாலும், தொடக்கத்திலேயே விலக்கிவிடுங்கள். இடம் காலியாகத் தெரிவதால் மக்கள் அதையே காட்டுவார்கள். மழை பெய்யும்போது தண்ணீர் அங்கே வரும்.

மனைப்பிரிவுகள் பெருகிய ஊராட்சியில் இந்தக் கட்டத்துக்கு நீண்ட நேரம் ஒதுக்குங்கள். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைப் பரப்பு நீங்கலாகப் பத்து விழுக்காட்டு இடத்தைப் பொது ஒதுக்கீடாக விட்டுத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். சாலைகளும் அவ்வாறே ஒப்படைக்கப்படும். அனுமதி வரைபடத்தில் ‘பூங்கா’ என்று இருக்கும் இடம் களத்தில் எங்கே இருக்கிறது, தானப் பத்திரம் பதிவானதா, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறியதா, வேலி உண்டா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வரைபடத்தில் பூங்காவாக உள்ள இடத்தில் ஒருவர் மாட்டுக்கொட்டகை போட்டிருப்பதையும், இன்னொரு மூலையை விற்பனை அலுவலகம் பிடித்திருப்பதையும் காணலாம். நிலம் வாங்க நிதியில்லாத ஊராட்சிக்கு இந்த இடங்கள்தான் விளையாட்டுத் திடல், மழைநீர்க் குளம், குப்பை பிரிக்கும் கொட்டகை ஆகிய அனைத்துக்கும் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. எல்லைக்கல் நடுவதையும் கம்பி வேலி போடுவதையும் திட்டத்தின் முதல் பணிகளாக எழுதத் தயங்காதீர்கள்.

6. குக்கிராமக் கூட்டங்கள்

இப்போதுதான் மக்களிடம் போக வேண்டும். ஊரின் நடுவில் ஒரே கூட்டம் போட்டால், மேடைக்கு அருகில் வசிப்பவர்களின் தேவையே திட்டமாகிவிடும். தொலைவில் உள்ள குடியிருப்பிலிருந்து தொடங்குங்கள். ஆதிதிராவிடர் குடியிருப்பிலும் பழங்குடியினர் குடியிருப்பிலும் அவர்களுடைய இடத்திலேயே கூட்டம் நடக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் திரும்பிய பிறகு, மாலை ஆறரை மணிக்கு மேல் வையுங்கள். பெண்களுக்குத் தனிக்கூட்டம் அவசியம், ஏனெனில் கழிப்பறை, குளியல் இடம், சாராயக் கடை, இருட்டான பாதை ஆகியவை பொதுக்கூட்டத்தில் பேசப்படுவதில்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பத்து நிமிடம் வரவு செலவுத் தாளைப் படித்துக் காட்டுங்கள். இரண்டாம் எண் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கேட்ட பிறகு வரும் கோரிக்கைகளின் தன்மையே மாறிவிடும். ‘புதுத் தொட்டி வேண்டும்’ என்று சொல்ல வந்தவர், ‘பழைய தொட்டியின் வால்வு ஒழுகுகிறது, அதை மாற்றினாலே எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏறும்’ என்று சொல்வார்.

கோரிக்கையை எழுதும்போது இடம், நீளம், பயன்பெறும் வீடுகள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ‘சாலை வசதி’ என்பது பணி அல்ல. ‘மாரியம்மன் கோயில் முதல் ரேஷன் கடை வரை 180 மீட்டர் வடிகால்’ என்பது பணி. முதல் வகை வாசகம் யாருடைய வீட்டு வாசலுக்கும் திருப்பிவிடக் கூடியது.

7. பணிகளை அடுக்குதல்

முன்னுரிமையைக் கைதூக்கி முடிவு செய்தால் பெரிய குடியிருப்பே எப்போதும் வெல்லும். மாறாக, அடிப்படைத் தரத்துக்குக் கீழே இருக்கும் இடங்களுக்கு முதல் உரிமை கொடுங்கள். வீடுதோறும் குழாய்வழிக் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கிடைக்காத தெருக்கள், மயானப் பாதை இல்லாத குடியிருப்பு, ஒரு விளக்குக்கூட இல்லாத பாதை ஆகியவை முதல் அடுக்கு. பல குடியிருப்புகளுக்குப் பொதுவானவை இரண்டாம் அடுக்கு. வாக்கெடுப்பு இந்த இரண்டுக்கும் பிறகு எஞ்சிய தொகைக்கு மட்டும்.

ஒரே தெருவில் பல பணிகள் இருந்தால் குடிநீர்க் குழாய், பிறகு வடிகால், கடைசியில் சாலை என்ற வரிசை மாறக் கூடாது. சிமெண்டு சாலை போட்ட ஆறாவது மாதத்தில் குழாய்க்காக அதை உடைக்காத ஊர் அரிது. வெவ்வேறு திட்டங்களின் நிதி வெவ்வேறு நேரத்தில் வருவதே இதற்குக் காரணம். சாலைக்கான நிதி முதலில் வந்துவிட்டால், அதை வேறு தெருவுக்கு மாற்றித் தீர்மானம் போடுங்கள். வடிகாலைத் திட்டத்தில் எழுதும் முன், தண்ணீர் எங்கே போய் முடியும் என்று மட்டம் பார்த்துக் குறியுங்கள். முடிவிடம் இல்லாத வடிகால் கொசு வளர்க்கும் தொட்டியாகவே இருக்கும்.

8. மதிப்பீடும் பத்தாண்டுச் செலவும்

ஒன்றியப் பொறியாளரையும் பணி மேற்பார்வையாளரையும் களத்துக்கு அழைத்து உத்தேச மதிப்பீடு வாங்குங்கள். ஜிஎஸ்டி சேர்த்த தொகையா என்று கேட்டு எழுதுங்கள். சேர்க்காமல் எழுதிய திட்டத்தில் கடைசி இரண்டு மூன்று பணிகள் பணமில்லாமல் விழுந்துவிடும்.

ஒவ்வொரு பணிக்கும் எதிரே மூன்று கூடுதல் கட்டங்கள் வரையுங்கள்: யார் இயக்குவார், ஆண்டுக்கு என்ன செலவு, அது எந்தத் தாளிலிருந்து வரும். கட்டும் செலவுக்கு மானியம் கிடைக்கும். கட்டிய பிறகு வரும் செலவு ஏறத்தாழ முழுவதும் சொந்த வருவாயின் மீதே விழும். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இயந்திரத்தை யாராவது நன்கொடையாகவே தந்துவிடுவார்கள். ஆனால் சவ்வு மாற்றவும் மின்சாரத்துக்கும் ஆள் கூலிக்கும் ஒதுக்கீடு இல்லாததால், பூட்டிய அறைக்குள் அது நிற்கும். மூன்று கட்டங்களும் நிரம்பாத பணியை நிராகரிக்க வேண்டியதில்லை. ‘பராமரிப்பு முடிவாகாதவை’ என்று தனிப்பட்டியலில் வைத்து, கிராம சபையின் முன் அப்படியே வையுங்கள்.

மோட்டார், குப்பை வண்டி போன்று தேய்ந்து போகும் பொருள்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பொதுநிதியில் ஒதுக்கி வைப்பதாகவும் தீர்மானம் எழுதலாம். ஐந்தாண்டில் மாற்ற வேண்டிய 60,000 ரூபாய் மோட்டாருக்கு ஆண்டுக்கு 12,000 என்று எளிய கணக்கே போதும்.

9. கிராம சபைத் தீர்மானம்

கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள்களுக்கு முன் அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள். குறைவெண் வரம்பும் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) முக்கியம்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கையெழுத்து மட்டும் பிறகு வாங்கி நிரப்பிய கூட்டத்தின் தீர்மானத்தை எவரும் எளிதில் கேள்வி கேட்க முடியும். உங்கள் பல மாத உழைப்பு அதில் வீணாகலாம்.

திட்டம் முழுவதையும் ஒரே தீர்மானமாக ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதவிடாதீர்கள். பணிப் பட்டியல், வருவாய் மேம்பாடு, பராமரிப்பு ஒதுக்கீடு, பொது ஒதுக்கீட்டு இடங்களின் பாதுகாப்பு என்று நான்கு தீர்மானங்களாகப் பிரியுங்கள். பணி வரிசை எண்ணோடு, இடத்தோடு, தொகையோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட பிறகே கையெழுத்திடுங்கள்; வெற்றிடம் விட்ட பக்கத்தில் கையெழுத்திட வேண்டாம். அன்றைக்கே பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, முறைப்படி நகலுக்கும் விண்ணப்பியுங்கள்.

10. பதிவேற்றத்துக்குப் பின்

தீர்மானித்த பட்டியலும், ஊராட்சித் திட்டங்களைப் பதிவேற்றும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறிய பட்டியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பதிவேற்றம் முடிந்தவுடன் ஒப்பிடுங்கள். தளத்தில் பொதுமக்களும் ஊராட்சியின் பெயரைத் தேடித் திட்டத்தைப் பார்க்கலாம். பணியின் பெயர் சுருங்கி, ‘180 மீட்டர் வடிகால்’ வெறும் ‘வடிகால்’ ஆகியிருந்தால், வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) தீர்மான நகலுடன் எழுத்தில் தெரிவித்துத் திருத்தம் கேளுங்கள்.

பிறகு ஒவ்வொரு பணியும் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தம், பணி முடிவு, பணப்பட்டுவாடா என்ற கட்டங்களில் எங்கே நிற்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, ஆண்டின் ஆறு கிராம சபைகளிலும், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில், அந்தத் தாளையே முதல் பொருளாகப் படிக்கச் சொல்லுங்கள். அதனுடன் வரி வசூல் விழுக்காட்டையும் இரண்டாம் எண் கணக்கின் இருப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருப்பு தொடர்ந்து இரண்டு கிராம சபைகளில் குறைந்திருந்தால், பராமரிப்புச் செலவு தேவைப்படும் புதிய பணிகளை அடுத்த கூட்டம் வரை நிறுத்தி வைக்கும் விதியை முதலாண்டிலேயே தீர்மானமாகச் சேர்த்துவிடுங்கள்.